மடிக்கணினியும் கொள்ளளவி ஒலிவாங்கியும்

மாந்தர் வாயினின்று எழும் ஒலி தோன்றிய மாத்திரத்திலே மறைந்தொழியும் இயல்பினது. அதனைப் பிடித்துவைத்து வேண்டியபோது மீளக் கேட்கும் வசதி, ஒருகாலத்தில் வானொலி நிலையங்களுக்கும் இசைத்தட்டுக் கம்பனிகளுக்குமே உரியதாயிருந்தது. இன்றோ, ஒரு மடிக்கணினியும் சில ஆயிரம் ரூபா விலைபெறும் ஒலிவாங்கி ஒன்றும் உடையவர் எவரும் தம் வீட்டு அறையிலிருந்தே அதனைச் செய்தல் கூடும். 2020 ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், ஆசிரியர் பலர் தம் பாடங்களைக் கணினி வாயிலாகவே மாணவர்க்கு அனுப்பவேண்டியவராயினர். கடைகளில் 'கொண்டென்சர் மைக்' என்னும் பெயரோடு விற்கப்படும் மலிவான ஒலிவாங்கியை நாடிச் சென்றவருள் அவர்களும் அடங்குவர்.

இவ்வொலிவாங்கியை வாங்கியவர், உடன்வரும் வடத்தின் ஒரு முனையை அதன் அடியிலும் மறுமுனையை மடிக்கணினியின் குதையிலும் செருகிப் பேசிப்பார்க்கின்றார். சிலருக்கு யாதோர் ஒலியும் பதிவாவதில்லை. வேறு சிலருக்கு, ஆழ்ந்த கிணற்றினுள்ளிருந்து ஒருவர் பேசுவது போன்ற மெலிந்த குரலும், அதன்மேல் இடையறாத 'உஸ்' என்னும் இரைச்சலும் பதிவாகின்றன. ஒலிவாங்கி பழுதென்று சிலரும், கணினி பழுதென்று சிலரும் முடிவுகட்டுவர். பெரும்பாலும் இரண்டும் பழுதல்ல. ஒன்று வேண்டும் மின்னுக்கும் மற்றது தரும் மின்னுக்கும் இடையேயுள்ள வேறுபாடே அக்குறைக்குக் காரணமாகும். அவ்வேறுபாடு எத்தன்மைத்து, அதனை எவ்வாறு அளந்தறிவது, எவ்வாறு நிரவுவது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ப் பேச்சைப் பதிவுசெய்வார்க்கு இவ்வாராய்ச்சி வீண்முயற்சியன்று. 'நாடு', 'பாக்கு' என்னுஞ் சொற்களின் ஈற்றிலே நிற்கும் குற்றியலுகரம் அரை மாத்திரையளவே ஒலிப்பது. 'எஃகு' என்பதன் இடைநிற்கும் ஆய்தமும் அத்தகையதே. குரல் வலுத்து நிற்குமிடத்து இரைச்சல் செவிக்குப் புலப்படாது. குரல் மெலியுமிடத்திலேயே அது மேலோங்கும். ஆதலின் இரைச்சலிலே முதன்முதல் மூழ்குவன இத்தகைய நுண்ணொலிகளே. பாடத்தைப் பதிவுசெய்த ஆசிரியர் குறை கண்டவிடத்து மறுநாள் மீண்டும் பேசிப் பதிவுசெய்யலாம். தாம் இளமையிற் கேட்ட தாலாட்டையோ ஒப்பாரியையோ பாடிக்காட்டும் மூதாட்டியின் குரலுக்கோ அத்தகைய மறுநாள் கிட்டுமென்பதற்கு உறுதியில்லை.

கொள்ளளவி ஒலிவாங்கி இயங்குமாறு

ஒன்றையொன்று தொடாது அணித்தாய் நிற்கும் இரு தகடுகள் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் ஆற்றலுடையன. இவ்வமைப்பு கொள்ளளவி எனப்படும். பழைய பௌதிக நூல்கள் இதனை ஒடுக்கி என வழங்கின. இத்தகடுகளுள் ஒன்றை மிக மெல்லியதாக்கி, முரசின் தோல்போல இழுத்துக் கட்டினால், பேச்சொலியின் காற்றழுத்தம் படுந்தோறும் அஃது அசையும். இம்மென்றகடு மற்றைத் தகட்டை நெருங்குங்கால் கொள்ளளவம் கூடும், விலகுங்கால் குறையும். தகடுகளிலுள்ள ஏற்றம் மாறாதிருக்குமாயின், கொள்ளளவம் கூடும்போது அவற்றிடையேயுள்ள மின்னழுத்தம் குறையும். கொள்ளளவம் குறையும்போது மின்னழுத்தம் கூடும். இவ்வாறு ஏறியிறங்கும் மின்னழுத்தமே பேச்சின் மின்னுருவமாகும்.

ஐக்கிய அமெரிக்காவிலே, வெஸ்ரேண் இலெக்ரிக் கம்பனியைச் சேர்ந்த ஈ. சி. வென்ற் என்னும் ஆய்வாளர் 1916 ஆம் ஆண்டில் இம்முறையில் இயங்கும் ஒலிவாங்கியை அமைத்தார். 1928 இல் பேர்லின் நகரத்து நொய்மான் கம்பனி 'சி.எம்.வி. 3' என்னும் கொள்ளளவி ஒலிவாங்கியை விற்பனைக்கெனத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. அதன் பின்னர் வானொலி நிலையங்களிலும் இசைப்பதிவுக் கூடங்களிலும் இவ்வகை ஒலிவாங்கி உயர்ந்த இடத்தைப் பெற்றது.

இவ்வொலிவாங்கிக்கு மின்னானது இரு வேறு காரியங்களின்பொருட்டு வேண்டப்படுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே மயக்கங்கள் பலவற்றிற்கும் மூலம்.

முதலாவது, தகடுகளை ஏற்றப்படுத்தல். ஏற்றமில்லையெனின் மென்றகடு எத்துணை அசைந்தாலும் சைகை பிறவாது. கலையக ஒலிவாங்கிகளில் இதற்கென ஏறத்தாழ 60 உவோற்று அழுத்தமும், அளவை ஆய்வுக்குரிய ஒலிவாங்கிகளில் 200 உவோற்று அழுத்தமும் கொடுக்கப்படுதல் வழக்கம். இங்கு அழுத்தம் உயர்ந்ததாயினும், செலவாகும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லத்தக்க அளவினது.

இரண்டாவது, பிறந்த சைகையைக் கம்பிவழியே செல்லுந் தகுதியுடையதாக்கல். பெரிய சிமிழொன்றின் கொள்ளளவம் 50 பைக்கோபரட்டு எனக் கொள்க. வினாடிக்கு 100 அதிர்வுகளையுடைய ஒலிக்கு அச்சிமிழ் ஏறத்தாழ 32 மில்லியன் ஓம் தடங்கலுடைய மூலமாய் நிற்கும். சில ஆயிரம் ஓம் மட்டுமே தடங்கலுள்ள ஒலி அட்டைக்கு அதனை நேரே இணைத்தால், சைகையின் மிகச் சிறு கூறே அவ்விடஞ் சேரும். வடமும் ஒரு கொள்ளளவியே. மீற்றருக்கு 100 பைக்கோபரட்டுக் கொள்ளளவமுடைய வடத்தில் ஒரு மீற்றர் நீளத்தைச் சேர்த்தமாத்திரத்தே சைகை மூன்றிலொன்றாய்க் குறைந்துவிடும். ஆகவே சிமிழை அடுத்து, ஒலிவாங்கியின் உள்ளேயே, இவ்வுயர் தடங்கலைத் தாழ்ந்த தடங்கலாக மாற்றும் சுற்றொன்று வேண்டும். முற்காலத்தில் வெற்றிடக் குழாய் அக்காரியத்தைச் செய்தது. பிற்காலத்தில் புலவிளைவுத் திரான்சிற்றர் அதன் இடத்தைப் பெற்றது. இச்சுற்று இயங்குதற்கு மின்னோட்டம் வேண்டும்.

எலெக்ற்றெற் என்னும் பொருள்

மேற்கூறிய இரு தேவைகளுள் முதலாவதனை ஒழிக்கும் வழியொன்று பின்னர்க் கண்டறியப்பட்டது. உருக்கு ஒருமுறை காந்தமாக்கப்பட்டபின் அத்தன்மையை நெடுங்காலம் தன்னகத்தே வைத்திருத்தல் யாவரும் அறிந்ததே. அவ்வாறே மின்னேற்றத்தை நெடுங்காலம் உள்ளடக்கி வைத்திருக்கும் பொருள்களும் உள. இவற்றிற்கு எலெக்ற்றெற் என்னும் பெயரை வழங்கியவர் ஒலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கிலேய அறிஞர். யப்பானிய அறிஞர் எகுச்சி, மெழுகுக் கலவையைக் கொண்டு இத்தகைய பொருளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே செய்துகாட்டினார். எனினும் ஒலிவாங்கிக்கு ஏற்ற மெல்லிய, நெடுநாள் நிற்கும் எலெக்ற்றெற் படலம், 1962 இல் பெல் ஆய்வுகூடத்தில் கெர்காட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ற் என்னும் இருவரது முயற்சியினாலேயே ஒலிவாங்கியிற் பயன்பாட்டுக்கு வந்தது. ஏற்றப்படுத்தும் உயரழுத்தம் அவர்களது ஒலிவாங்கிக்கு வேண்டியதில்லை. ஏற்றம் படலத்தினுள்ளேயே நிலைத்துவிட்டது.

இதன் பயன் பெரிது. எலெக்ற்றெற் சிமிழுக்கு எஞ்சியிருப்பது இரண்டாவது தேவை மட்டுமே. அதன் உள்ளிருக்கும் புலவிளைவுத் திரான்சிற்றருக்கு ஓரிரு உவோற்று அழுத்தமும் அரை மில்லியம்பியருக்கு உட்பட்ட மின்னோட்டமும் போதும். தொலைபேசி முதலிய சிறு கருவிகளில் இச்சிமிழ் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம்.

'பி.எம். 800' என்னும் குறியோடு பல வணிகப் பெயர்களில் விற்கப்படும் மலிவான ஒலிவாங்கியும் அதனையொத்த பிறவும், புறத்தே கலையகத்துப் பெரிய ஒலிவாங்கிகளின் தோற்றத்தைக் கொண்டன. உள்ளே திறந்துநோக்கின், அகன்ற கம்பிவலைக்குப் பின்னால் சிறியதோர் எலெக்ற்றெற் சிமிழையே பெரும்பாலும் காணலாம். இதனை ஏமாற்றென்று கருதுதல் சரியன்று; எலெக்ற்றெற் ஒலிவாங்கியும் கொள்ளளவி ஒலிவாங்கியின் ஒரு வகையே. ஆயின் இவ்வுண்மையை அறிந்தவர்க்கே, மடிக்கணினி தரும் சிறு மின்னழுத்தத்தில் அது யாங்ஙனம் ஓரளவேனும் இயங்குகின்றது என்பது விளங்கும்.

நாற்பத்தெட்டு உவோற்றின் வரலாறு

இவ்வொலிவாங்கிகளின் பெட்டிமேல் '48 உவோற்று' என்று பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். இவ்வெண் எங்ஙனம் வந்தது? 1966 இல் நொய்மான் கம்பனி நோர்வே நாட்டு வானொலிக்கெனத் திரான்சிற்றரால் இயங்கும் ஒலிவாங்கியொன்றைச் செய்தது. அந்நிலையத்திலே மின்வெட்டுக்கால விளக்குகளுக்காக 48 உவோற்று நேரோட்ட வழங்கல் ஏற்கனவே இருந்தது. அதனையே ஒலிவாங்கிக்கும் பயன்படுத்துமாறு அமைக்கப்பட்டமையின், அவ்வெண் நாளடைவில் உலகப் பொது நியமமாயிற்று என்பது வரலாறு.

இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'பான்ரம் பவர்' என்பது. உருவிலி மின் என்பது அதன் பொருள். மின்னைக் கொண்டுசெல்லத் தனிக்கம்பி இல்லாமையால் அப்பெயர் பெற்றது. ஒலிவாங்கியின் அடியிலே மூன்று முட்கள் உள. முதலாவது நிலத்தொடர்பு, இரண்டாவதும் மூன்றாவதும் சைகைக் கம்பிகள். 48 உவோற்று மூலத்திலிருந்து, ஒவ்வொன்றும் 6.8 கிலோ ஓம் ஆகிய இரு தடைகளினூடாக, இரு சைகைக் கம்பிகளுக்கும் ஒரே அழுத்தம் கொடுக்கப்படுகின்றது. இரண்டும் சமமாதலின் அவற்றிடையே அழுத்த வேறுபாடு இல்லை. பேச்சுச் சைகையோ அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடாகச் செல்கின்றது. ஒரே வழியில் மின் ஒரு திசையிலும் சைகை மறு திசையிலும் ஒன்றையொன்று தாக்காது செல்லும் நுட்பம் இதுவே.

ஒலி அட்டை தரும் மின்

சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேற்றிவ் கம்பனி 1989 இல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்ரர்' அட்டையும் அதன் வழிவந்தவையும் கணினிக்கு ஒலியைப் பரவலாக்கின. அவ்வழியிற் பரவிய மரபின்படி, 3.5 மில்லிமீற்றர் செருகியின் நுனி சைகைக்கும், நடுவளையம் ஒலிவாங்கிக்குரிய ஊட்டழுத்தத்துக்கும், அடியுறை நிலத்தொடர்புக்கும் உரியன. அவ்வூட்டழுத்தம் எலெக்ற்றெற் சிமிழொன்றை இயக்கும் நோக்குடன் அமைந்தது. அதன் அளவு கணினிக்குக் கணினி வேறுபடும். 2 முதல் 5 உவோற்று வரை இருத்தல் வழக்கு. அது சில கிலோ ஓம் தடையொன்றினூடாகவே வெளிவரும்.

அண்மைக்காலத்து மடிக்கணினிகளுட் பலவற்றில் ஒலிவாங்கிக்கெனத் தனிக் குதை இல்லை. நான்கு தொடுகைகளையுடைய கூட்டுக் குதை ஒன்றே உளது. அதில் நுனியும் முதல் வளையமும் இடம், வலம் எனக் காதொலிப்பானுக்கு உரியன, இரண்டாம் வளையம் நிலத்தொடர்பு, அடியுறையே ஒலிவாங்கி. மூன்று தொடுகைகளையுடைய செருகியை இதனுட் செருகினால், அதன் நீண்ட அடியுறை நிலத்தொடர்பையும் ஒலிவாங்கித் தொடுகையையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். ஒலி சிறிதும் பதிவாகாமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். காதொலிப்பானையும் ஒலிவாங்கியையும் வெவ்வேறாகப் பிரிக்கும் சிறிய இடையிணைப்பொன்றைச் சேர்த்த அளவில் இக்குறை நீங்கும்.

இரு மின்வழங்கல்களையும் கணக்கால் ஒப்பிடுதல்

ஒலி அட்டையின் ஊட்டழுத்தம் 2.5 உவோற்று என்றும், அதன் உட்டடை 2.2 கிலோ ஓம் என்றும் கொள்க. முனைகளைக் குறுக்கே இணைத்தாலும் அதிலிருந்து பெறத்தக்க மின்னோட்டம் ஏறத்தாழ 1.1 மில்லியம்பியரே. உயர்ந்தபட்ச வலு, அழுத்தத்தின் வர்க்கத்தை நான்கு மடங்கு தடையாற் பிரிக்க வருவது. அஃதாவது ஏறத்தாழ 0.7 மில்லியுவாற்று.

48 உவோற்று வழங்கலிலோ, 6.8 கிலோ ஓம் தடைகள் இரண்டும் சமாந்தரமாய் நிற்றலின் உட்டடை 3.4 கிலோ ஓம். உயர்ந்தபட்ச வலு ஏறத்தாழ 169 மில்லியுவாற்று. இஃது ஒலி அட்டை தருவதினும் ஏறக்குறைய 240 மடங்கு பெரிது.

இனி, தேவைகளை நோக்குக. வெறும் எலெக்ற்றெற் சிமிழ் 0.3 மில்லியம்பியர் வேண்டுமெனின், 2.2 கிலோ ஓம் தடையில் வீழ்ச்சியுறும் அழுத்தம் 0.66 உவோற்று, சிமிழுக்கு 1.84 உவோற்று எஞ்சும். அது இயங்குவதற்கு அவ்வளவு போதும். உருவிலி மின்னுக்கென அமைக்கப்பட்ட சுற்று 3 மில்லியம்பியர் வேண்டுமெனின், 48 உவோற்று வழங்கலில் 10.2 உவோற்று வீழ்ச்சி போக 37.8 உவோற்று எஞ்சும். ஒலி அட்டையோ அவ்வோட்டத்தை எவ்வாற்றானும் தரவியலாது, தன்னிடமுள்ள 1.1 மில்லியம்பியரையும் அழுத்தம் முற்றும் வீழ்ந்தபின்னரே தரும்.

மலிவான பெரிய ஒலிவாங்கி இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையினது. அதன் சிமிழ் எலெக்ற்றெற் ஆதலின் சைகை பிறக்கின்றது. ஆயின் சிமிழை அடுத்துள்ள வெளியீட்டுச் சுற்று பெரும்பாலும் 48 உவோற்றுக்கென அமைந்தமையின், குறைந்த மின்னில் அரைப்பட்டினியாய்க் கிடக்கின்றது. அன்றியும், உடன்வரும் வடத்தில் மூன்றாவது முள் பொதுவாக நிலத்தொடர்போடு பிணைக்கப்பட்டிருக்கும். இரு கம்பிகளிலும் எதிரெதிர்ச் சைகை தரும் சுற்றாயின், இதனால் அரைப்பங்கு சைகையும் இழக்கப்படும். கிணற்றினுள்ளிருந்து எழுவதுபோன்ற குரலுக்கு விளக்கம் இதுவே.

மெலிந்த சைகையைக் கணினியின் மென்பொருளால் வலுப்படுத்தலாமே எனச் சிலர் வினவுவர். 20 தெசிபெல் உயர்த்தினால் சைகை பத்து மடங்காகும் என்பது மெய்யே. ஆயின் ஒலி அட்டையின் விரியலாக்கியிற் பிறந்த இரைச்சலும் அதனோடு பத்து மடங்காகும். இரண்டிற்கும் இடைப்பட்ட விகிதம் மாறாது. பாலில் நீர் கலந்தபின் கலத்தை எத்துணை பெரிதாக்கினாலும் பால் செறியாது. ஆகவே சைகையானது ஒலி அட்டையைச் சேருமுன்னரே வலுவுடையதாதல் வேண்டும். இக்கட்டுரையின் முதன்மையான முடிபு இதுவாகும்.

அளந்தறியும் முறை

எக்கருவியையும் வாங்குமுன் கைவசமுள்ளதை அளந்து நோக்குதல் அறிவுடைமை. இதற்குப் பல்மானி ஒன்றும், பழைய 3.5 மில்லிமீற்றர்ச் செருகி ஒன்றும், 2.2 கிலோ ஓம் தடை ஒன்றும் போதும். செருகியின் வளையத்திலிருந்தும் அடியுறையிலிருந்தும் இரு கம்பிகளை வெளியே எடுத்து, அதனைக் கணினியின் ஒலிவாங்கிக் குதையில் இடுக. கணினியிற் பதிவு மென்பொருளைத் திறந்துவைத்து, இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள நேரோட்ட அழுத்தத்தை அளக்க. அதுவே திறந்த சுற்றின் ஊட்டழுத்தம். பின்னர் அக்கம்பிகளுக்குக் குறுக்கே 2.2 கிலோ ஓம் தடையை இணைத்து மீண்டும் அளக்க. அழுத்தம் சரிபாதியாகுமெனின் உட்டடையும் 2.2 கிலோ ஓம். பாதிக்கு மேல் நிற்குமெனின் உட்டடை அதனிற் சிறிது. பாதிக்குக் கீழ் வீழுமெனின் பெரிது.

உயர்தர வகுப்பு மாணவர் பாடநூலிற் கற்கும் உட்டடைக் கணக்கு இதுவே. எண்களை வகுப்பறைப் பலகையில் இடுவதற்கு மாறாகத் தம் கையிலுள்ள கணினியிலிருந்தே பெறுவது அவர்க்கு நல்ல பயிற்சியுமாகும்.

நிரவும் வழிகள்

முதலாவது வழி செலவற்றது. ஒலிவாங்கி ஒலி அட்டையின் மின்னில் ஓரளவு இயங்குமெனின், பேசுபவர் அதனை அணுகிப் பேசுக. தூரம் பாதியானால் நேரே வந்தடையும் ஒலியழுத்தம் இரட்டிக்கும். இஃது 6 தெசிபெல் உயர்ச்சியாம். 40 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து 10 சென்ரிமீற்றருக்கு நெருங்கினால் 12 தெசிபெல் கிட்டும். இவ்வுயர்ச்சி இரைச்சலைக் கூட்டாது சைகையை மட்டும் கூட்டுவதாதலின், மென்பொருளால் உயர்த்துதலினும் சிறந்தது. மூச்சுக்காற்று மென்றகட்டைத் தாக்காதவாறு, வாய்க்கு நேரே வையாது சற்றுப் பக்கமாக வைத்தல் வேண்டும்.

இரண்டாவது வழி, வெறும் எலெக்ற்றெற் சிமிழைக் கொண்ட சிறு ஒலிவாங்கிக்கு ஏற்றது. 9 உவோற்று மின்கலவடுக்கிலிருந்து 4.7 கிலோ ஓம் தடையினூடாகச் சிமிழுக்கு மின்னூட்டி, சைகையை 10 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியினூடாகச் செருகியின் நுனிக்கு அனுப்புக. வளையம் இணைக்கப்படாதிருக்க வேண்டும். கொள்ளளவியின் நேர்முனை சிமிழின் பக்கம் இருத்தல் வேண்டும். 0.3 மில்லியம்பியர் ஓட்டத்துக்கு 1.4 உவோற்று வீழ்ச்சி போக 7.6 உவோற்றுச் சிமிழுக்குக் கிடைக்கும். சிமிழின் உச்ச எல்லை 10 உவோற்றாயின் இஃது ஏற்புடையதே. கணினியின் ஊட்டழுத்தத்தோடு கலந்துவரும் இரைச்சலும் இதனால் விலகும். 500 மில்லியம்பியர்மணி கொள்ளும் அடுக்கு, கணக்கின்படி ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். பற்றாசு பிடிக்கத் தெரிந்த மாணவன் ஒரு மாலைப்பொழுதில் இதனைச் செய்துமுடிப்பான்.

மூன்றாவது வழி, 48 உவோற்று வழங்கும் தனிப் பெட்டியொன்றை ஒலிவாங்கிக்கும் கணினிக்கும் இடையே சேர்த்தல். ஒலிவாங்கி தனக்குரிய முழு மின்னையும் பெறுதலின் அதன் வெளியீடு வலுவடையும். பெட்டியின் உள்ளிருக்கும் கொள்ளளவிகள் 48 உவோற்றைத் தடுத்து, சைகையை மட்டும் வெளியே விடும். இங்குக் குரல் தெளிவுபெறினும், சைகையை இலக்கமாக மாற்றுவது மடிக்கணினியின் ஒலி அட்டையே ஆதலின் அதன் இரைச்சல் முற்றும் நீங்காது.

நான்காவது வழி, யூ.எஸ்.பி. வாயிலில் இணைக்கும் ஒலி இடைமுகப் பெட்டியைப் பயன்படுத்தல். அதில் 48 உவோற்று வழங்கல், ஒலிவாங்கிக்குரிய விரியலாக்கி, இலக்கமாக்கும் சுற்று ஆகிய மூன்றும் அமைந்துள்ளன. கணினியின் ஒலி அட்டை முற்றாக விலக்கப்படுகின்றது. 5 உவோற்று மட்டுமே தரும் யூ.எஸ்.பி. வாயிலிலிருந்து 48 உவோற்று எவ்வாறு பிறக்கும் என ஐயுறுதல் இயல்பு. பெட்டியினுள் அமைந்த சுற்றொன்று மின்னோட்டத்தை விரைவாக வெட்டி வெட்டிச் சுருளினூடு செலுத்தி அழுத்தத்தை உயர்த்துகின்றது. உருவிலி மின்னின் உச்ச ஓட்டமாகிய 10 மில்லியம்பியருக்கு வேண்டும் வலு 0.48 உவாற்று, சாதாரண யூ.எஸ்.பி. வாயிலோ 5 உவோற்றில் 500 மில்லியம்பியர், அஃதாவது 2.5 உவாற்றுத் தரவல்லது. ஆகவே மடிக்கணினியில் மின் இல்லாமற் போகவில்லை. ஒலிவாங்கிக் குதையின் வழியாக அது வருவதில்லை என்பதே உண்மை.

இந்நான்கனுள் எது தக்கது என்பது பதிவின் நோக்கத்தைப் பொறுத்தது. மாணவர்க்கு அனுப்பும் அன்றாடப் பாடத்துக்கு முதல் இரு வழிகளுமே போதும். நெடுங்காலம் பேணவேண்டிய குரலுக்கு நான்காவது வழியே ஏற்றது. ஒரு பாடசாலைக்கு இத்தகைய பெட்டி ஒன்றிருந்தால், ஆசிரியர் பலரும் அதனை மாறிமாறிப் பயன்படுத்தலாம்.

எச்சரிக்கைகள்

48 உவோற்று மனிதர்க்குப் பெரிதும் இடர்விளைப்பதன்று. சில உவோற்றுக்கென அமைந்த ஒலி அட்டைக்கோ அது நஞ்சு போன்றது. தனிப் பெட்டியைப் பயன்படுத்துவோர், கணினியில் இணைக்குமுன் அதன் வெளியீட்டு முட்களில் நேரோட்ட அழுத்தம் இல்லையென்பதைப் பல்மானியால் உறுதிசெய்தல் வேண்டும். பெட்டியிலிருந்து கணினிக்குச் செல்லும் வடத்தில் வளையம் இணைக்கப்படாதிருத்தல் நன்று. ஒலிவாங்கி, பெட்டி, கணினி என யாவற்றையும் இணைத்து, பதிவளவைத் தாழ்த்தியபின்னரே 48 உவோற்று ஆளியை இடுக. கழற்றுங்கால் முதலில் ஆளியை நிறுத்திச் சிறிதுநேரம் தாழ்த்துக. கொள்ளளவிகளில் தேங்கிய ஏற்றம் திடீரெனப் பாய்ந்து ஒலி அட்டையைச் சிதைத்தல் கூடுமாதலின் இவ்வொழுங்கு வேண்டப்படுகின்றது.

பதிவில் 'உம்' என்னும் தாழ்ந்த முழக்கம் கேட்குமாயின், அதனை முன்கூறிய இரைச்சலோடு மயங்குதல் கூடாது. அது 50 மீடிறனுடைய வீட்டு மின்னோட்டத்திலிருந்து வருவது. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் மின்கலத்தால் இயக்கிப் பார்க்க. முழக்கம் நின்றுவிடுமெனின் ஒலிவாங்கியிற் குற்றமில்லை. பதிவு முடியும்வரை மின்னேற்றியை விலக்கிவைத்தலே போதும்.

முடிவுரை

கொள்ளளவி ஒலிவாங்கி வேண்டுவது ஏற்றமும் மின்னோட்டமுமாகிய இரண்டு. மலிவான ஒலிவாங்கியில் ஏற்றம் எலெக்ற்றெற் படலத்திலேயே அடங்கியிருத்தலின், எஞ்சிய மின்னோட்டத்தை அளவறிந்து கொடுத்தலே பயன்படுத்துவோர் கடன். சிமிழ் மட்டுமேயாயின் மடிக்கணினியின் சிறு மின் போதும். 48 உவோற்றுச் சுற்றைக் கொண்டதாயின் போதாது. எவ்வகையது என்பதைப் பெட்டியின் மேலுள்ள சொற்களைக்கொண்டு துணிதல் அரிது. தடை ஒன்றும் பல்மானி ஒன்றும் கொண்டு அளந்து துணிதல் எளிது.

முதியவர் ஒருவரின் குரலைப் பதிவுசெய்யச் செல்வோர் இவ்வளவைகளை முதல்நாளே தம் வீட்டிற் செய்துமுடித்தல் வேண்டும். தம் குரலிலே 'எஃகு', 'நாடு', 'பாக்கு' என மெல்லச் சொல்லிப் பதிவுசெய்து, ஆய்தமும் ஈற்றுக் குற்றியலுகரமும் தெளிவாகக் கேட்கின்றனவா எனக் காதொலிப்பானில் உற்றுக் கேட்க. கேட்குமாயின் கருவி ஆயத்தமாயிற்று எனக் கொள்ளலாம். கேளாதாயின் குறையை அன்றே தேடித் திருத்துக. அம்மூதாட்டி பாடத் தொடங்கியபின் அதற்கு நேரமிராது.